கருப்பாயியை வேனில் ஏற்றியது நல்ல காரியமா என்பது குறித்த விசாரணை

மலேசியாவின் மெர்லிமாவில் ஒருவர் நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போய்விட முடியாது. அதைக் கவனிக்க ஒரு மன்றம் இருக்கிறது. மெர்லிமாவ் வட்டார நற்செயல் அங்கீகார மன்றம் என்று பெயர். மோட்டார் சைக்கிள் டயர் கடைக்கு மேல்மாடியில் அதன் அலுவலகம். நல்ல காரியம் செய்தவர்கள் இரும்புப் படியேறி மேலே போவார்கள். செய்தது நல்ல காரியம்தானா என்று மன்றம் ஆராய்ந்து சொல்லும். ஒன்பது ஆண்டுகளில் இருநூற்றுப் பதினான்கு காரியங்கள் படியேறின. மூன்று தேறின. மூன்றையும் செய்தவர் மன்றத் தலைவர் கோகுலராஜ்.

சேகரனுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவர் பேக்டரி வேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. விடிகாலையில் ஆள்களை ஏற்றிக்கொண்டு போய் ஏழு மணி ஷிப்டுக்கு விட்டால், மறுபடி சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வேலை. நடுவில் பகல் முழுக்க அவருடையது. அதில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கருப்பாயிக்குப் போய்விடும்.

கருப்பாயி அவருக்கு உறவில்லை. சேகரன் வீட்டுக்குப் பின்வரிசையில், அதே தாமான் குடியிருப்பில் இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் உதிரிப்பழம் பொறுக்கியவர். தோட்டத்து லயத்து வீடுகள் இடிபட்டபோது இங்கே வந்தார். புருஷன் இல்லை, மகள் ஜொகூர் பக்கம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மலாக்கா டவுனில் டயாலிசிஸ். பகல் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு மெஷின். பன்னிரண்டரைக்குள் வந்து படுக்கவில்லையென்றால் அன்றைக்கு மெஷின் இல்லை என்று மையத்தில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், போய்விட்ட பஸ்ஸுக்காகக் கருப்பாயி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சேகரன் வேனை நிறுத்தினார். அதிலிருந்து நிறுத்திக்கொண்டே இருக்கிறார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வினை கோயில் அன்னதானத்தில் வந்தது. சாம்பார் வரிசையில் நின்றுகொண்டு கருப்பாயி சத்தமாகச் சொன்னார்: "இந்த சேகரன் பய இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்லா."

சாம்பார் வாளியைப் பிடித்தபடி புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்த கோகுலராஜின் காதில் அது விழுந்தது. அவருக்கு அந்த வாரம் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. விருது கொடுக்க வரும் டத்தோ பட்டப் பிரமுகர், இந்த வருஷமாவது நிர்வாகத்துக்கு வெளியே யாராவது கிடைப்பார்களா என்று மெதுவாகக் கேட்டிருந்தார். கோகுலராஜ் வாளியைக் கீழே வைத்தார்.

"சேகரன், நீங்க செஞ்சது நல்ல காரியம் மாதிரி தெரியுது. புதன்கிழமை ரெண்டு மணிக்கு ஆபீசுக்கு வாங்க. விசாரிச்சிடுவோம்."

விசாரணை என்றதும் சேகரனுக்கு, என்ன தப்புச் செய்தோம் என்ற யோசனை வந்துவிட்டது. அவர் மனைவி நிர்மலாதேவிக்கு வேறு மாதிரி. அன்று மாலைக்குள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து சுங்கை ரம்பாய் வரைக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. புருஷனுக்கு மாலை விழப்போகிறது. பாசார் மாலாம் இரவுச்சந்தையில் ஒரு புதுச்சட்டையும் எடுத்துவிட்டார்.

புதன்கிழமை சேகரன் படியேறினார். நிர்வாகத்தில் ஐந்து பேர். கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் மற்ற நால்வருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது விதி. ஆக இருபது பொன்னாடை. இருந்தது ஒன்றுதான் என்பதால் கழற்றிக் கழற்றிப் போர்த்திக்கொண்டார்கள். பிறகு வரவேற்புரை. ஐந்து பேர் ஐந்து பேரையும் வருக வருக என்றார்கள். சேகரன் அறுபதாம் கல்யாணத்துக்கு வழி தப்பி வந்துவிட்டோமோ என்று பார்த்தார்.

செயலாளர் விமலன் கோப்பைத் திறந்தார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான்.

"ஒரு காரியம் நல்லதுன்னு சொல்லணும்னா மூனு விஷயம் பாக்கணும். செயல் நல்லதா இருக்கணும், நோக்கம் நல்லதா இருக்கணும், சூழ்நிலை நல்லதா இருக்கணும். மூனுல ஒன்னு சறுக்குனாலும் மொத்தமும் போச்சி. அதனால மூனு உட்குழு."

மூன்று உட்குழுவிலும் அதே ஐந்து பேர்தான். மேசைமேல் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்.

முதலில் செயல் உட்குழு.

"காரியம் எங்க தொடங்குது?" என்றார் விமலன். "வேன் கதவத் திறந்தப்பவா, எஞ்சின ஸ்டார்ட் பண்ணப்பவா?"

"பக்கக் கதவு வெளியேர்ந்து தெறக்காதுண்ணே. ஸ்டக் ஆயிரும். நான் முன்பக்கம் தூக்கி உக்கார வைப்பேன். அப்பறம் முன்கதவ கருப்பாயி பெரிம்மாவே உள்ளேர்ந்து இழுத்துச் சாத்திக்குவாங்க."

"அப்ப கதவச் சாத்துனது யாரு?"

"பெரிம்மாதான்."

காரியத்தின் ஒரு பகுதியைப் பயனாளியே செய்துகொண்டார் என்று விமலன் எழுதிக்கொண்டார். ஐந்து பேரும் கவலையோடு தலையாட்டினார்கள்.

தேநீர் வந்தது. குடித்து முடித்ததும் பலகையை மாற்றினார்கள். இப்போது நோக்க உட்குழு. சேகரனின் பெயர் என்ன என்று கோகுலராஜ் மறுபடி கேட்டார். அவர் திகைத்துப் பார்த்ததும், "அது வேற குழு," என்று அன்பாக விளக்கினார்.

"ஏன் செஞ்சீங்க?"

"சும்மாதாண்ணே."

நோக்கம்: சும்மா. விமலன் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தார். சும்மா என்பது ஒரு நோக்கமாகுமா, அல்லது நோக்கமே இல்லாத நிலையா என்று அரைமணி நேரம் பேசினார்கள். தீர்மானம் ஆகாததால் ஒத்திவைத்தார்கள்.

"சரி, செய்யும்போது ஒங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

சேகரன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "சில நாள் இருக்கும். சில நாள் ஏறுனதுலேர்ந்து என்னயத் திட்டிக்கிட்டே வருவாங்க. அன்னிக்கு இருக்காது."

விமலன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா தலைவரே. சந்தோஷமா இருந்த நாள்ல தன் சந்தோஷத்துக்காக செஞ்சிருக்காரு, அது சுயநலம். சந்தோஷம் இல்லாத நாள்ல வேண்டா வெறுப்பா செஞ்சிருக்காரு, அதுல அன்பு இல்ல."

"அப்ப எப்படிண்ணே இருக்கணும்?" என்று சேகரன் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

"அத மன்றம் இன்னும் முடிவு பண்ணல," என்றார் கோகுலராஜ்.

அப்புறம் நெத்திலி சம்பல் வெளிவந்தது. சனிக்கிழமைதோறும் கருப்பாயி ஒரு டப்பாவில் சோறும் நெத்திலி சம்பலும் கொண்டுவருவார், மையத்துக்கு வெளியே வேனில் உட்கார்ந்து சேகரன் சாப்பிடுவார். கேட்டதற்கு மறைக்காமல் சொன்னார்.

"கைம்மாறு," என்றார் விமலன், மெல்லிய குரலில்.

"இல்லண்ணே, அவுங்களுக்கு அது சாப்புடக் கூடாது. உப்பு ஆவாது. ஆக்கிக் கொண்டாந்து, மெஷினுக்கு உள்ள போறதுக்கு முந்தி, நான் ஒரு வாய் திங்கிறத பாத்துட்டுப் போவாங்க. அவ்ளோதான்."

குறிப்பேட்டில் நெத்திலி சம்பல், வாரம் ஒன்று என்று மட்டும் ஏறியது.

மூன்றாவதாகச் சூழ்நிலை உட்குழு. சேகரன் கேட்காமலேயே தன் பெயரைச் சொன்னார். கருப்பாயியை ஏற்றும்போது யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லையென்றால் சாட்சி இல்லை. யாராவது பார்த்திருந்தால் விளம்பரத்துக்காகச் செய்ததாகிவிடும். அந்த நேரத்தில் மொத்தத் தாமானும் வேலைக்குப் போயிருக்கும், ஒரு பூனை வேண்டுமானால் பார்த்திருக்கும் என்றார் சேகரன். பூனை யாருடையது என்று விமலன் கேட்டார்.

கடைசியில் கோகுலராஜ் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி அவருக்குப் பேச வராது.

"பாருங்க சேகரன். நல்லது செய்யிறது பெரிய விஷயம் இல்ல. யார் வேணும்னாலும் செஞ்சிட்டுப் போயிடலாம். ஆனா செஞ்சது நல்லதுதான்னு பொறுப்பா சொல்றதுக்கு ஒரு எடம் வேணுமா வேணாமா? அந்தச் சுமையத்தான் நாங்க சுமக்குறோம். என்னயவே எடுத்துக்குங்க. மூனு தடவ என் காரியம் இந்த மேசைக்கு வந்துச்சி. நான் என்னயவே எவ்வளவு கடுமையா விசாரிச்சேன் தெரியுமா? ஒரு தடவ கோபத்துல எழுந்தே போயிட்டேன். இப்ப விஷயம் என்னன்னா, ஒங்க காரியம் பரிசீலனைல இருக்கு. சனிக்கிழமை விழா. அதுவரைக்கும் நீங்க அந்தக் காரியத்த செய்யக் கூடாது."

"எதண்ணே?"

"கருப்பாயிய ஏத்திக்கிட்டுப் போறத. விருது வருதுன்னு தெரிஞ்ச பிறகு ஏத்துனா, நோக்கம் கெட்டுப்போயிரும்லா."

"நாளைக்கு வியாழக்கிழமைண்ணே. அவுங்களுக்கு மெஷின் இருக்கு."

"மன்றம் எதுக்கு இருக்கு? நாளைக்கு எங்க கார் போகும். நானே நேர்ல வர்றேன்."

சேகரன் அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் நமக்கு யாரும் மாலை போடுவதாகச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலம் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, மாலைக்குத் தோதாகக் கழுத்தை எவ்வளவு தாழ்த்துவது என்று இரண்டு தரம் தாழ்த்திப் பார்த்தார். நிர்மலாதேவி இன்னும் கொஞ்சம் என்றார்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கைப்பேசியில் படம் வந்தது. மன்றத்தின் பதாகை கட்டிய கார். கருப்பாயி காரில் ஏறுகிறார், அவர் கையை ஐந்து பேர் பிடித்திருக்கிறார்கள். அடுத்த படத்தில் இறங்குகிறார், அப்போதும் ஐந்து பேர். கீழே ஏழெட்டுக் கைகூப்பும் சின்னங்கள். சேகரன் நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாழைக்காய் கொடுக்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கருப்பாயி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் மூச்சு வரவில்லையாம். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

"என்னா பெரிம்மா, நேத்து மெஷின்ல போடலயா?"

"எங்கடா போட்டாங்க. சந்தி வரைக்கும் கொண்டுபோனாங்க. எறங்கச் சொன்னாங்க, படம் புடிச்சாங்க. அப்பறம் திரும்ப ஏத்திக் கொண்டாந்து வீட்டுலயே விட்டுட்டாங்க. டவுனுக்குப் போவணும்யான்னேன். ஏறுனது எறங்குனது ரெண்டும் வந்திருச்சிம்மா, நடுவுல உள்ளது படத்துல தெரியாதுன்னு அந்தக் கண்ணாடிக்காரரு சொல்றாரு."

கண்ணாடிக்காரர் விமலன்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே பெரிம்மா."

"நீதான் வரக் கூடாதுன்னு சொன்னாங்களே. வந்தா ஒனக்கு மால கெடைக்காதாம். ஒரு நாள்தானன்னு கம்முனு இருந்துட்டேன்."

சேகரனுக்கு அவமானமாக இருந்தது. மூன்று வருஷத்தில் அவர் செய்த ஒரே கெட்ட காரியம் அந்த வியாழக்கிழமைதான், அதையும் நல்லவன் என்று பெயர் வாங்குவதற்காகச் செய்திருந்தார். மையத்துக்குப் போன் போட்டார். இன்றைக்கு இடமில்லை, மூச்சு ரொம்ப வாங்கினால் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தவறாமல் வந்துவிட வேண்டும், இன்னொன்று விட்டால் பொறுப்பு எங்களுடையதல்ல என்றார் தாதி. தண்ணீரை அளந்து அளந்து குடித்துக்கொண்டு கருப்பாயி அன்றைய நாளைத் தள்ளினார்.

சனிக்கிழமை விழாவே வேண்டாம் என்றுதான் சேகரன் சொன்னார். கருப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒம்பது மணிக்கு விழா, பத்தரைக்கு முடிஞ்சிரும்ங்கிறாங்க. மண்டபம் போற வழிதான. ஒன் கழுத்துல அது விழறதப் பாத்துட்டுப் போறேன்டா." பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வந்து வேனில் ஏறினார்.

டத்தோ பத்தே முக்காலுக்கு வந்தார். அவர் வந்த பிறகுதான் குத்துவிளக்கு. ஐந்து திரிக்கு ஐந்து நிர்வாகிகள். மின்காற்றாடி இரண்டு தரம் அணைத்ததால் மூன்று தரம் ஏற்றினார்கள். பிறகு பொன்னாடைகள். மேடையின் ஓரத்தில் பயனாளி என்று எழுதிய அட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் கருப்பாயியை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கும் ஒன்று போர்த்தியிருந்தார்கள். அதற்குள் அவர் தோள் ஏறி ஏறி இறங்குவது மூன்றாம் வரிசையில் இருந்த சேகரனுக்குத் தெரிந்தது.

பதினொன்றேகாலுக்குக் கோகுலராஜ் தலைமையுரையைத் தொடங்கினார்.

"டத்தோ அவர்களே, பெரியோர்களே! நற்செயல் என்றால் என்ன? ஒரு மனிதன் தன்னை மறந்து, பிறருடைய துன்பத்தைக் கண் திறந்து பார்க்க வேண்டும். அதுதான் நற்செயல். நான் பார்க்கிறேன். இந்த மேடையில் நிற்கும்போதும் பார்க்கிறேன். எத்தனை பேர் நிற்க இடமில்லாமல் பின்னால் நிற்கிறார்கள்! இந்த மண்டபத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று நான்தான் முதன்முதலில் சொன்னேன்..."

அவருக்கு இடப்பக்கம் நான்கடி தள்ளிக் கருப்பாயி வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சேகரன் எழுந்து மேடைப் படியை நோக்கி நடந்தார். விமலன் நிகழ்ச்சி நிரலைக் காட்டி வழிமறித்தார். "நீங்க வர்றது பதினாலாவதுலா. இப்ப ஏழாவதுதான் ஓடுது."

"பெரிம்மாவுக்கு மணி ஆச்சிண்ணே."

"நோக்க உட்குழு அறிக்கை இன்னும் வாசிக்கல. அத வாசிக்காம நீங்க அவுங்கள ஏத்துனா அது என்ன காரியம்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்."

மைக்கிலிருந்தே கோகுலராஜ் சொன்னார்: "சேகரன், உக்காருங்க. டத்தோ ஒங்களுக்காகத்தான் வந்திருக்காரு. ஒரு மனுசருக்கு மரியாத தெரிய வேணாமா?"

சேகரனுக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்கள் மேல் வந்தது, பிறகு கண்ணாடி முன்னால் கழுத்தைத் தாழ்த்திய தன் மேல் வந்தது. விமலனை ஒதுக்கிவிட்டு மேடை ஏறினார். போர்த்தியிருந்த பொன்னாடையோடு கருப்பாயியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார்.

"அண்ணே, இது நல்லதா கெட்டதான்னு நீங்க உக்காந்து பேசிக்கிட்டு இருங்க. அதுக்குள்ள நான் போயிட்டு வந்திர்றேன்."

மண்டபத்தில் யாரோ கைதட்டினார்கள். இதுதான் காரியம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. புகைப்படக்காரர் மட்டும், "அண்ணே, கொஞ்சம் திரும்புங்க," என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

வெளியே வேனுக்குக் குறுக்கே டத்தோவின் கார் நின்றது. அதன் மலாய்க்கார ஓட்டுநர் மரத்தடியில் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருப்பாயியின் காலைப் பார்த்தார், தட்டைத் தரையில் வைத்தார், ஓடிப்போய்க் காரை எடுத்தார். திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டார். அதற்காக அவர் எந்த மன்றத்திலும் விண்ணப்பம் போட்டதாகத் தகவல் இல்லை.

பன்னிரண்டு இருபத்தேழுக்குக் கருப்பாயி மெஷினில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் தாதி வெளியே வந்து, மூச்சு சீராகிக்கொண்டு வருகிறது, இனிமேல் இப்படி விளையாடாதீர்கள் என்று சேகரனைத் திட்டிவிட்டுப் போனார். சேகரன் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் ஒரு டப்பா இருந்தது. சாய்ந்தால் மூச்சு வராத நிலையிலும் காலையில் அந்தக் கிழவி நெத்திலி சம்பல் ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். சேகரனால் சாப்பிட முடியவில்லை. வேனுக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார், பிறகு சாப்பிட்டார்.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் படம் வந்திருந்தது. இந்த ஆண்டின் நற்செயல் விருது கோகுலராஜுக்கே கிடைத்தது. தலைமையுரைக்கு நடுவில் நேர்ந்த அநாகரிகத்தைப் பொறுமையோடு தாங்கிக்கொண்டதற்காக. கழுத்து மாலைகளுக்குள் அவர் முகம் பாதி தெரிந்தது. ஓரத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலியும், பயனாளி என்ற அட்டையும் படத்தில் பதிந்திருந்தன.

செவ்வாய்க்கிழமை சேகரன் கருப்பாயி வீட்டுக்குக் கிளம்பும்போது தபால் வந்தது. மன்றத்தின் கடிதம், மூன்று முத்திரைகளோடு. அதைப் படித்துக்கொண்டே போய் வேனை நிறுத்தி, படித்துக்கொண்டே அவரைத் தூக்கி உட்கார வைத்தார். வீக்கம் வடிந்திருந்தது. காலில் செருப்பு இருந்தது.

"என்னாடா அது காயிதம்?"

"மன்றத்துலேர்ந்து வந்திருக்கு பெரிம்மா. செயல் சரியாம். ஆனா கோவத்தோட செஞ்சதால நோக்கம் சரியில்லயாம். தலைவர் பேசும்போது செஞ்சதால சூழ்நிலையும் சரியில்லயாம். நெத்திலி சம்பலும் போட்டிருக்காங்க. மொத்தத்துல நான் ஒங்கள ஏத்திக்கிட்டுப் போறது நல்ல காரியம் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. வேணும்னா பதினாலு நாளைக்குள்ள மேல்முறையீடு செய்யலாமாம். மூனு காப்பி வேணுமாம்."

கருப்பாயி கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"அப்பறம் என்னத்தப் படிச்சிக்கிட்டு நிக்கிற? அந்தக் கெட்ட காரியத்த சீக்கிரம் செய்டா. மணி பதினொன்னேகால் ஆவுது."